வெற்றுக் கட்டமும் பூச்சியமும்

வந்தாறுமூலை,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

உன் மாணவர்கள் ஓடைகளில் பிடித்த முள்ளந்தண்டிலிகளின் எண்ணிக்கையை எக்செல் தாளில் ஏற்றிவிட்டு, வெறுமையாகக் கிடக்கும் கட்டங்களில் பூச்சியம் இட்டு நிரப்பலாமா என்று கேட்பதாக எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் இடங்கொடுத்துவிடாதே, மகள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் பூச்சியம். தேடவேயில்லை என்றால் கட்டம் வெறுமையாகவே இருக்க வேண்டும்.

இதை நான் பிழைவிட்டுத்தான் கற்றேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளை உன்னிச்சைப் பக்கத்து ஓடையொன்றுக்கு மாதந்தோறும் கூட்டிச்சென்ற ஆண்டில், மார்கழி மழைக்கு நீர் இடுப்பளவு ஏறிவிட்டதால், மூன்று இடங்களில் இரண்டில் இறங்காமலே திரும்பினோம். பிறகு அட்டவணையை நிரப்பியபோது அந்த இரண்டு இடங்களுக்கும் நான் பூச்சியம் எழுதினேன். வரைபில் கோடு மார்கழியில் சரிந்து விழுந்தது. பெரும்போகக் காலமாகையால், மேலேயுள்ள வயல்களுக்கு அடித்த பூச்சிநாசினியே காரணம் என்று பிள்ளைகள் எழுதினார்கள். நானும் சரி போட்டேன். "வெள்ளம், இறங்கவில்லை" என்று ஒரு பிள்ளை வெளிக்களக் கொப்பியில் பென்சிலால் குறித்திருந்ததைப் பல மாதங்கள் கழித்தே கண்டேன். ஆதாரமில்லாமல் அந்த வயற்காரர்மேல் பழி போட்டது இன்றைக்கும் என் மனத்தை உறுத்துகிறது.

உயிரினப் பல்வகைமையை ஒரே எண்ணில் காட்டும் ஷனன் சுட்டியைக் கணிப்பதில் அவர்களுக்குச் சிரமமில்லை என்கிறாய். நல்லது. நூறு உயிரிகளில் நான்கு வகைகள் இருபத்தைந்து இருபத்தைந்தாக இருந்தால், இயற்கை மடக்கையின்படி விடை 1.39, ஒரே வகை 97 ஆகவும் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகவும் இருந்தால் 0.17. ஆனால் அந்த 1.39 என்ற விடை, நீரில் வளரும் மேஃப்ளைப் பூச்சி, கல்லும் மணலும் ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ்ஃப்ளை, தும்பி, இறால் ஆகியவற்றால் வந்ததா, அட்டை, நத்தை, மண்புழுவினம், நுளம்பைப் போன்ற கைரோனமிட் ஈயின் சிவப்புக் குடம்பி (புழுப்பருவம்) ஆகியவற்றால் வந்ததா என்று சுட்டி சொல்லாது. முதல் நான்கும் பெரும்பாலும் தூய நீரை நாடுபவை, மற்றவை மாசுபட்ட நீரையும் தாங்குபவை; ஆகவே முதல் நான்கும் இருக்கும் ஓடையும் மற்ற நான்கு மட்டுமே இருக்கும் ஓடையும் ஒன்றல்ல.

ஆகவே கணினிக்கு முன்னால் இருத்துவதற்கு முதல் அவர்களை வெள்ளைத் தட்டுக்கு முன்னால் இருத்து. அற்ககோலில் இடாத உயிருள்ள மாதிரியாக இருக்கட்டும். மேஃப்ளையின் அணங்கு (இளம்பருவம்) மூன்று வால்நூல்களை விரித்தபடி, வயிற்றின் இருபக்கமும் உள்ள, சுவாசிக்க உதவும் பூக்களை (செவுள்களை) விடாமல் அசைத்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் கண்டு, கைரோனமிட் குடம்பியின் சிவப்பு நிறம் ஈமோகுளோபினால் வந்தது என்பதையும், ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அது பிழைப்பதற்கு அதுவே துணை என்பதையும் அறிந்த பிள்ளை, இரண்டையும் வெறும் "பூச்சி 1, பூச்சி 2" என்று எழுதமாட்டாது. பிரித்தானிய ஆறுகளுக்காக வகுத்த, மாசைத் தாங்காத உயிரினங்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கும் 1 முதல் 10 வரையான புள்ளிமுறையை நம் ஓடைகளுக்கு அப்படியே பிரயோகிக்கவும் அது சற்றுத் தயங்கும்.

தைப்பொங்கலுக்கு வரும்போது அவர்களுடைய வெளிக்களக் கொப்பிகளையும் கொண்டு வா. கையெழுத்து விளங்காத இடங்களை இருவருமாக இருந்து வாசித்து, எந்தக் கட்டம் பூச்சியம், எது வெறுமை என்று பிரித்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா