எல்லாவற்றையும் அச்சிட்ட பத்திரிகை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்காக நீங்கள் தயாரிக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குக் கையேடு எழுதும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்று கேட்டதும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் சர்க்யூட்டை முழுசாகக் கொடுக்க வேண்டுமா, மேலோட்டமாக ஒரு படம் போதாதா என்று உங்கள் குழுவில் பேச்சு ஓடுகிறது என்றாயே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

மாஸ்கோவில் நான் படித்தபோது விடுதியில் எல்லார் கையிலும் புரண்டது 'ரேடியோ' என்ற மாதப் பத்திரிகை. 1924-ல் வேறு பெயரில் தொடங்கி, 1946 முதல் இந்தப் பெயரில் வருவது. வீட்டிலேயே வால்வு ரேடியோவும் ஏரியலும் கட்டுகிறவர்களுக்கான பத்திரிகை அது. கம்ப்யூட்டர் அதற்குள் வந்த கதைதான் உனக்குத் தெரிய வேண்டியது.

மாஸ்கோ மின்னணுப் பொறியியல் கழகத்தில் ஸெலென்கோ, பானோவ், போபோவ் என்று மூன்று பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கும் இன்டெல் 8080 என்ற அமெரிக்கச் சிப்பைப் பார்த்து சோவியத்தில் செய்த கேஆர்580 சிப்பை வைத்து ஒரு சிறிய கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டு, ஆதரவு கேட்டு அமைச்சகத்துக்குப் போனார்கள். சொந்தக் கார் இருக்கலாம், சொந்தமாக ஒரு தோட்ட வீடு இருக்கலாம், சொந்தக் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருக்கவே முடியாது; கம்ப்யூட்டர் என்றால் 100 சதுர மீட்டர் இடம், 25 ஆட்கள், மிஷினைத் துடைக்க மாதம் 30 லிட்டர் ஆல்கஹால் என்று அங்கே ஒரு துணை அமைச்சர் சொல்லி அனுப்பிவிட்டாராம். போபோவே பின்னாளில் சொன்னது இது.

அப்புறம்தான் அவர்கள் 'ரேடியோ'வுக்குப் போனார்கள். 1982-ல் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டும் விதம் 'மைக்ரோ-80' என்ற தொடராக வரத் தொடங்கியது. ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட 200 ஐசி, அதாவது சிப், வேண்டும். சம்பளக்காரனால் எங்கே முடியும்? கட்டி முடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை வடிவமைத்தவர்கள் விடவில்லை. புதிதாக இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அதையே சுருக்கிச் சுருக்கி 29 ஐசிக்குக் கொண்டுவந்தார்கள். 1986-ல் 'ரேடியோ-86ஆர்கே' என்று அது வெளிவந்தது. திரைக்கு வீட்டு டிவி, புரோகிராமைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். நினைவகம் 16 அல்லது 32 கிலோபைட். விசைப்பலகையைப் பலர் கையாலேயே செய்துகொண்டார்கள்.

அந்தப் பக்கங்களைப் பார்த்தால்தான் உனக்குப் புரியும், பாப்பா. சர்க்யூட் முழுசாக இருக்கும், சிப்பின் ஒரு கால்கூட விடுபடாமல். கம்ப்யூட்டரை எழுப்பி இயக்குகிற, 'மானிட்டர்' என்ற 2 கிலோபைட் அடிப்படைப் புரோகிராம் பொடி எழுத்தில் வரிசை வரிசையாக இருக்கும், வெறும் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையான குறிகளாக. ஒரு எழுத்து மாறினாலும் மிஷின் பேசாது. அதனால், இந்தப் பகுதியைக் கூட்டினால் இந்தத் தொகை வரவேண்டும் என்று அதையும் போட்டிருப்பார்கள். புரோகிராம் எழுத உதவும் பேசிக் மொழியைக்கூட அப்படித்தான் எண்களாகவே அச்சிட்டார்கள். என் அறை நண்பன் படிக்க, நான் தட்டுவேன். தொகை ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. திரையைக் கவனிக்கும் விஜி75 என்ற சிப் மட்டும் லேசில் கிடைக்காது. யாராவது தெரிந்தவரைப் பிடித்துத்தான் வாங்க வேண்டும். புரோகிராமை அழியாமல் வைத்திருக்கும் ரோம் சிப் ஒன்று, நடுவில் சின்னக் கண்ணாடிச் சன்னலோடு இருக்கும். வெளிச்சம் பட்டு எழுதியது அழிந்துவிடாமல் இருக்க அதன்மேல் காகிதம் ஒட்டினோம். டிவியில் முதல் எழுத்துகள் வந்தபோது அவன் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டான்.

பிறகு நடந்ததைக் கவனி. தொழிற்சாலைகளே அந்தச் சர்க்யூட்டை எடுத்து 'மிக்ரோஷா', 'அபகேய்', 'பார்ட்னர்' என்று கம்ப்யூட்டர் செய்து விற்றன. வாசகர்களும் சும்மா இருக்கவில்லை; தங்கள் சொந்த வடிவமைப்புகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். 1987-ல் வேறொரு பத்திரிகையில் 'ஸ்பெஷலிஸ்ட்' வந்தது, 1990-ல் 'ரேடியோ'விலேயே 'ஓரியன்-128' வந்தது. மேலோட்டமான படம் மட்டும் போட்டிருந்தால் இதில் ஒன்றாவது நடந்திருக்குமா? என்னைக் கேட்டால், முதல் சர்க்யூட்டை ஒளிக்காமல் கொடுத்ததுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வழிவிட்டது.

ஆகவே, சர்க்யூட் முழுசும் போடு. சிப்புக்குள் எழுதி வைக்கும் புரோகிராமான ஃபர்ம்வேரையும் போடு. எந்தப் பாகம் கடையில் கிடைக்காதோ அதற்கு மாற்று என்ன என்று பக்கத்திலேயே எழுது. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதையும் சேர், பிள்ளைகள் தாங்களே சோதித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இவ்வளவு புரியாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதே.

முதல் பிரதி தயாரானதும் எனக்கு ஒன்று அனுப்பு. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கையேட்டை மட்டும் பார்த்து ஒரு போர்டு கட்டிப் பார்க்கிறேன். எங்கே தட்டுகிறதோ அங்கே பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா