எட்டு விநாடி மணி

அன்புள்ள அண்ணா,

நீ போய் இன்றோடு மூன்று ஆண்டுகள். பரணில் கிடக்கும் உன் ஸ்பெக்ட்ரம் கணினியை, பழைய கணினிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் நாளை கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறேன், அண்ணியும் சம்மதித்துவிட்டார். அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சேலம் குகைப் பகுதி வீட்டில் அந்த இரவு பத்து மணிக்கு, அந்தக் கணினியில் நீ எழுதிய கடிகார நிரலில் வானொலியோடு ஒத்துப்பார்த்து நேரத்தை ஏற்றிவிட்டு, நினைவகத்தில் 23672 முதலான மூன்று பைட்டுகளில் விநாடிக்கு 50 வீதம் ஏறும் எண்ணிக்கையை நம்பி நீ தூங்கினாய். நாளுக்குப் பத்து விநாடிக்கு மேல் பிசகாது என்பது உன் பெருமை. கால்மணிக்கு ஒரு சிறு பீப் மட்டுமே வைத்திருந்தாய். எனக்கு அது போதவில்லை. நிரலை நிறுத்தும் பிரேக் விசையை அழுத்தினாலும் எண்ணிக்கை நிற்காது என்ற தைரியத்தில் அந்த வரியைத் திருத்தி, எட்டு விநாடி ஓடும் மெட்டு ஒன்றை நுழைத்து, கோ டூ கட்டளை கொடுத்து நிரலைத் தொடரவிட்டேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த உன் காதை அந்தக் கீச்சொலி எழுப்பவில்லை.

பீப் ஒலிக்கும்போது செயலியே ஒலிபெருக்கியை அசைக்க வேண்டியிருப்பதால் எண்ணிக்கையை ஏற்றும் குறுக்கீடுகளை (interrupts) நிறுத்திவைக்கிறது; அந்நேரம் கடிகாரமும் நின்றுவிடும். ஐந்து மணி என்று திரை காட்டியபோது, 28 முறை ஒலித்த என் மெட்டு 224 விநாடிகளை விழுங்கியிருந்தது. ஏற்காட்டுப் பேருந்து போய்விட்டது. அங்கே உனக்கு என்ன வேலை இருந்தது என்பதை உறவினர் பலரும் வாசிக்கும் இடத்தில் எழுத மாட்டேன்.

மறைத்தது என் தவறுதான். ஆனால் கணினியின் கையேட்டைப் பீரோவில் பூட்டிவைத்தது யார்? பீப் கடிகாரத்தை நிறுத்தும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சென்ற வாரம் அதைத் திறந்தேன். 18ஆம் அத்தியாயத்தில் அதே எச்சரிக்கையின் அடியில் உன் பென்சில் கோடு. திருத்திய வரியையும் நீ பார்த்திருப்பாய். அப்படியிருந்தும் அப்பாவிடம் "மெஷின் கோளாறு" என்றாய். என்னைக் காப்பாற்றினாயா, அல்லது ஒரு வார்த்தையும் திட்டாமல் இத்தனை காலம் உறுத்தவிட்டாயா? ஒரு அறை கொடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும், அண்ணா.

மணி ஒலித்து முடிந்ததும் எண்ணிக்கையில் 400-ஐத் திரும்பச் சேர்க்கும் வரியை நேற்றிரவு உன் நோட்டில், உன் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். நோட்டை மட்டும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.