வயலின் வகுப்புப் பெற்றோர் குழு: பிளேட்லெட் கொடுக்க ஆள் வேண்டும்

வணக்கம். நம் வகுப்புப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மிகவும் குறைந்துவிட்டது, எடுத்ததை 5 நாளுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் முறை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். முதல் முறை வரும் ஞாயிறு காலை 9 மணி, மருத்துவமனை ரத்த வங்கி.

1. வயது 18, எடை 50 கிலோவுக்கு மேல். ஒன்றரை மணி நேரம் ஆகலாம், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.
2. 3 நாளாக ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது.
3. வார்டுக்குப் போக வேண்டாம், சாதாரண சளிகூட அவளுக்கு ஆபத்து.
4. மருந்தால் விரல் மரத்து வில் பிடிக்க முடியவில்லை, பாவம், கேட்கவாவது ஆசைப்படுகிறாள். பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து அனுப்புங்கள்.

அப்புறம், அவள் அம்மாவுக்குப் போன் வேண்டாம், என்னிடம் கேளுங்கள். ரத்த வகை, வரும் நாள் இரண்டையும் வெள்ளி இரவுக்குள் இங்கே போடுங்கள்.