இட்லித் தட்டில் உறைந்த பனிக்கட்டி

தூத்துக்குடி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. சென்ற வாரம் நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கனடாவின் வின்னிபெக்கில் மைனஸ் 28 டிகிரி குளிரடித்த இரவில், வாசற்படியில் இறுகிக் கிடந்த பனியின் மேல் இரண்டு கை உப்பை அள்ளித் தூவிவிட்டுப் படுத்ததாகவும், விடிந்து பார்த்தபோது உப்பு போட்டது போட்டபடியே கிடந்ததாகவும், அதன் மேலேயே கால் வைத்து வழுக்கி மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதாகவும் சொன்னாய். சுளுக்கு ஆறிவிடும். ஆனால் "உப்பில் ஏதோ கலப்படம் போலிருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உப்பளத்தில் வேலை பார்த்தவரின் பேரன், முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவளின் மகன், விசாரிக்காமல் உப்பின் மேல் பழி போடலாமா? பேத்திக்கும் பள்ளியில் இதே பொருளில் ஒரு செய்முறை கொடுத்திருப்பதாகச் சொன்னதால், இரண்டுக்குமாகச் சேர்த்து வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பனிக்கட்டிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் சிக்கல். அதற்கு நம் வீட்டு இட்லித் தட்டே போதுமானதாக இருந்தது. ஓட்டையில்லாத தட்டுகளில் குழிக்கு 40 மில்லி தண்ணீர் ஊற்றி உறைய வைத்தேன். தூள் உப்பு, கல்லுப்பு, இந்துப்பு, பேதி உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்), ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய பொட்டாசியம் குளோரைடு, நீரற்ற கால்சியம் குளோரைடு, இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சர்க்கரை என்று ஒவ்வொன்றிலும் 5 கிராம் நிறுத்துப் போட்டேன். ஒரு குழியில் ஒன்றுமே போடவில்லை. கரண்டியால் அளக்க வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்; கல்லுப்பின் இடுக்குகளில் காற்று நிற்பதால் ஒரு கரண்டிக் கல்லுப்பும் ஒரு கரண்டித் தூள் உப்பும் எடையில் ஒன்றாகா.

முதல் நாள் நான் செய்தது பெரிய பிசகு. தட்டைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டேன். வெயிலும் வெக்கையும் சேர்ந்து 31 டிகிரி இருந்த அந்த அறையில், உப்பே போடாத கட்டியும் பத்து நிமிடத்தில் 9 மில்லி உருகிவிட்டது. தூள் உப்பில் 16, கல்லுப்பில் 13, இந்துப்பில் ஏறக்குறைய கல்லுப்பின் கணக்கே. (இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், விலை பல மடங்கு என்பது பனிக்கட்டிக்குத் தெரியாது.) உப்பின் வேலை எது, ஊரின் வெக்கை எது என்று பிரிக்க முடியாத அந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் சொல்ல முடியாது.

ஆனாலும் அன்றைக்கு இரண்டு காட்சிகள் கிடைத்தன. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒவ்வொரு கட்டியின் மேலும் ஒரு துளி விட்டேன். தூள் உப்பு போட்ட கட்டியின் முகம் முழுவதும் வெளிர்நீலமாகப் பரவி மெல்ல அமுங்கியது. கல்லுப்பு போட்டதிலோ ஒவ்வொரு கல்லும் தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொண்டு செங்குத்தாக உள்ளே இறங்க, அதன் பின்னால் நீலம் நூல் நூலாக இறங்கி, சிறிது நேரத்தில் கட்டி முழுக்க நீல வேர் பிடித்தது போல ஆகிவிட்டது. மேற்பரப்பை விரைவில் ஈரமாக்கத் தூளும், பாளத்தைத் துளைத்துத் தரையிலிருந்து பெயர்க்கக் கல்லும் உதவும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். இன்னொன்று, உப்பு போட்ட குழியில் வெப்பமானியை வைத்தபோது அது மைனஸ் 12 வரை இறங்கியது; குழியின் அடிப்புறத்தில் வெண்பனி பூத்தது.

நீ யோசிக்க வேண்டிய இடம் இதுதான். உப்பு பனியைச் சூடாக்கி உருக்குவதில்லை. உப்பு கரைந்த நீர் உறைவதற்குப் பூச்சியத்துக்கும் கீழே போக வேண்டியிருப்பதால்தான் பனி நீராகிறது. அப்படி உருகுவதற்கு ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பனி தன்னிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்துமே எடுத்துக்கொள்கிறது. மர வாளியில் பனிக்கட்டியும் கல்லுப்பும் கொட்டி ஐஸ்கிரீம் சுற்றிய காலத்தில் கைப்பிடி திருப்பியவர்களுக்கு இது தெரியும்.

இரண்டாம் நாள் எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறைக்குள்ளேயே வைத்தேன். வெப்பமானி மைனஸ் 17 காட்டியது. ஒரு மணி நேரம் கழித்து மருந்து ஏற்றும் ஊசிக்குழலால் உறிஞ்சி அளந்தபோது கால்சியம் குளோரைடில் 11 மில்லி நீர். தூள் உப்பில் 4 மில்லி. பொட்டாசியம் குளோரைடு, பேதி உப்பு, சர்க்கரை மூன்றும் உலர்ந்த மணலாகப் பனியின் மேல் கிடந்தன, உன் வாசற்படியில் உப்பு கிடந்ததைப் போலவே.

ஒவ்வொரு உப்புக்கும் ஓர் எல்லை உண்டு; எவ்வளவு கொட்டினாலும் அதற்குக் கீழே அது பனியை நீராக்காது. பேதி உப்புக்கு அது ஏறத்தாழ மைனஸ் 4, பொட்டாசியம் குளோரைடுக்கு மைனஸ் 11க்குச் சற்று மேல், சாதாரண உப்புக்கு மைனஸ் 21, மக்னீசியம் குளோரைடுக்கு மைனஸ் 33, கால்சியம் குளோரைடுக்கு ஏறத்தாழ மைனஸ் 50. மைனஸ் 28இல் நீ தூவிய உப்பில் எந்தக் கலப்படமும் இல்லை, தம்பி. அதனால் முடியாத வேலையை நீ அதற்குக் கொடுத்தாய். எல்லைக்கு வெகு முன்பே வேகமும் குறைந்துவிடும் என்பதால், மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பை நம்பிப் படியில் இறங்காதே.

அப்படியானால் கால்சியம் குளோரைடுதான் எப்போதும் சிறந்தது என்று பேத்தி எழுதிவிடக் கூடாது. உறைநிலை எவ்வளவு இறங்கும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 58 கிராம் சாதாரண உப்பு தரும் துகள்கள் இரண்டு பங்கு என்றால், 111 கிராம் கால்சியம் குளோரைடு தருவது மூன்று பங்குதான். கணக்குப் போட்டுப் பார், பூச்சியத்தை ஒட்டிய குளிரில் கிராமுக்குக் கிராம் நம் உப்பே முந்தும். கால்சியம் குளோரைடு கரையும்போது வெப்பத்தை வெளிவிடுவதும், ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்வதும் அதற்கு வேகத்தைத் தருகின்றன. ஈரக் கையில் வைத்தால் சுடும். குழந்தை கையுறை போட்டுக்கொள்ளட்டும். கரைசல்களின் இத்தகைய விதிகளை ஆராய்ந்த வான்ட் ஹாஃப் என்பவருக்குத்தான் 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது என்று வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்வேன். நீயும் என் மாணவனாக இருந்து அதைக் கேட்டிருக்கிறாய்.

உன் தாத்தா பாத்தியில் உப்பு விளைந்த பிறகு, மிஞ்சிய கசப்பு நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்த்து வெளியேற்றச் சொல்வார். அது தங்கினால் உப்பு கசக்கும், மூட்டையில் கசியும். அந்தக் கசிவுக்குக் காரணமான மக்னீசியம் குளோரைடைத்தான் உன் ஊரில் பனி உருக்கியாகப் பையில் போட்டு விற்கிறார்கள். அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இனி வாங்கும்போது பையின் முகப்பில் மைனஸ் இத்தனை டிகிரி வரை உருக்கும் என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல், பின்புறத்தில் என்ன உப்பு எத்தனை பங்கு என்று படித்துப் பார். பல கலவைகளில் பெரும்பங்கு சாதாரண உப்புதான். பனியை முதலில் மண்வெட்டியால் வழித்துவிட்டு, மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு மட்டும் கொஞ்சம் போடு; கடுங்குளிரில் மணலைத் தூவு. சாலை உப்பு நீர்நிலைகளுக்கும் செடிகளுக்கும் கேடு என்று கனடா அரசின் ஆய்வே 2001இல் சொல்லியிருக்கிறது. அள்ளிக் கொட்டுவதில் பயனும் இல்லை.

என் பெட்டி மைனஸ் 17க்குக் கீழே இறங்க மறுக்கிறது. உங்கள் வாசலிலோ அந்தக் குளிர் இலவசமாகக் கிடக்கிறது. பேத்தியை மைனஸ் 25க்குக் கீழே போகும் ஒரு காலையில், சாதாரண உப்பு, கால்சியம் குளோரைடு இரண்டையும் 5 கிராம் வீதம் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளக்கச் சொல். எண்களைத் திருத்தாமல் அப்படியே எழுதி அனுப்பட்டும். அதுவரை என் நோட்டில் அந்தப் பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா