மண் வாரிய சாமிகளுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் தொடக்கப் பள்ளி. திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர், மூத்தவள் நான். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியை எழுதி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்களுக்குச் சேதம் எதுவும் இல்லை. மறுநாள், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. மழையில் வந்த பத்துப் பேரும் முதல் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு நிம்மதியாகத்தான் வீடு திரும்பினோம். அன்று இரவு, ஆற்றின் மேல்பக்கம் உள்ள சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அப்புறம் ஆறு வகுப்பறைக்கே வந்துவிட்டது.

தப்பு என்னுடையதும்தான். 2011இல் தானே புயல் கூரை ஓட்டைப் பிய்த்து மேல்தட்டை நனைத்தது. அந்தப் பயத்தில் முக்கியமானதையெல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். இந்த முறை தண்ணீர் கீழிருந்து வந்தது.

சேர்க்கைப் பதிவேடு ஊறிப்போய் அப்பளம் போல ஒட்டிக் கிடந்தது. அதை மீட்டவர் தெருமுனை இஸ்திரி வண்டித் தம்பி. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, கரிப்பெட்டியின் சூட்டைப் புறங்கையால் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். மை கலங்கிய இடத்தில் மட்டும் பெட்டி படாது. நான்கு நாள் ஆனது; காசு வாங்கவில்லை. ஒரு பக்கத்தில் அவருடைய அம்மாவின் பெயர் வந்தது. "பிறந்த தேதி தப்பா இருக்குதே டீச்சர்" என்று சிரித்தார். அந்தக் காலத்துப் பதிவேட்டில் ஜூன் மாதத்தில் பிறக்காத பிள்ளை ஏது?

மாலை போட்டிருந்த அப்பாக்களை எப்படி மறப்பேன்? கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். கண்ணாடித் துண்டு குத்திவிடுமோ என்று எனக்குத்தான் பதைப்பு. "சாமி, மண்வெட்டி குடுங்க", "சாமி, கூடை நகத்துங்க" என்று ஜெப அறையிலிருந்த வண்டலை வாரிக் கொட்டினார்கள். சாயங்காலத்துக்குள் போதகர் ஐயாவும் எல்லோரையும் சாமி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

காலை உணவு சமைக்கும் அக்காமார்களுக்கும் நன்றி. அவர்கள் வீட்டிலும் தண்ணீர். ஆனாலும் பள்ளி திறந்த அன்று காலை ரவா உப்புமா தயார். ஜெபம் முடிந்து "ஆமென்" கேட்டால்தான் கரண்டி எடுப்பார்கள். அதில் அந்த அக்காமார்கள் என்னைவிடக் கறார்!

பக்கத்து ஊர் ஜமாத்தார் பால்பவுடரும் போர்வைகளும் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் நாடக உடுப்புகள் ஆற்றோடு போய்விட்டதால், மிஞ்சிய போர்வைகளை எடுத்து மேய்ப்பர்களுக்குச் சுற்றிவிட்டோம். மரியாளாக நடித்தது மாலை போட்ட ஒருவரின் மகள். அப்பா இருமுடி கட்டுவதற்குள் நாடகத்தை வைக்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்ததால், ஒரு வாரம் முன்னதாகவே கிறிஸ்துமஸ் விழா நடந்தது. ஆர்மோனியம் பிழைக்கவில்லை. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிப் பாடினார்கள், சுருதி கொஞ்சம் முன்னே பின்னேதான்.

சரி, ஒரு விஷயம். கூரைக்குக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் யாருடையது? ஓரத்தில் 'கே' என்று மையால் எழுதியிருக்கிறது. காயவைத்து மடித்து அலுவலக அறையில் வைத்திருக்கிறேன். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை