பணம் போட்டவர் கேலரியில் உட்காரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் கடலை மிட்டாய்க்கு அடுத்தபடி எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிற விஷயம் ஹாக்கிதான். ஏழு வருடம் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியதிலிருந்து, அதுவும் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம் பெயரிலேயே ஒரு அணி வந்த பிறகு, சாயங்காலம் டீக்கடையில் ஒரே வாக்குவாதம். எந்த அணி ஜெயிக்கும் என்பதெல்லாம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. அணியை விலைக்கு வாங்கிய முதலாளி கோச்சின் வேலையில் தலையிடலாமா கூடாதா என்பதில் வந்து நின்றால் மட்டும் யாரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை.

ஒரு கட்சி சொல்வது இது: அவர் காசு, அவர் அணி, கோடிக்கணக்கில் கொட்டியவனுக்கு ஒரு வார்த்தை கேட்க உரிமை இல்லையா? 2024 மே மாதம் ஐபிஎல் கிரிக்கெட்டில், ஹைதராபாத்தில் லக்னோ அணி வைத்த 166 ரன் இலக்கை எதிரணி விக்கெட்டே இழக்காமல் 9.4 ஓவரில் அடித்து முடித்ததும், லக்னோ அணி முதலாளி சஞ்சீவ் கோயங்கா எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கேப்டன் ராகுலிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாரே, அதை ஊரே டிவியில் பார்த்தது. அதில் என்ன தப்பு என்கிறார்கள். கேட்கலாம், நானும் மறுக்கவில்லை. சீசன் முடிந்ததும் கோச்சை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏன் தோற்றோம், இவரை ஏன் எடுத்தாய், அவரை ஏன் பெஞ்சிலேயே வைத்தாய் என்று எல்லாவற்றையும் கேட்கட்டும், பதில் பிடிக்கவில்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கட்டும். ஆனால் அவர் மைதானத்துக்குள் கால் வைத்து வீரர்களிடம் நேராகப் பேச ஆரம்பித்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அந்த அணிக்குக் கோச் கிடையாது. இதை நான் சும்மா சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலிருக்கும். அப்போது நான் ஒரு கிளப் அணியில் ரைட் ஹாஃப், அதாவது வலது பக்க நடுக்கள ஆட்டக்காரன். எங்களுக்கு ஜெர்சி, ஷூ, பயணச் செலவு எல்லாம் கொடுத்தவர் ஒரு வியாபாரி. நல்ல மனுஷன், ஹாக்கி மேல் உண்மையிலேயே ஆசை உள்ளவர், பெயர் வேண்டாம். ஒரு போட்டியின் அரையிறுதி, இடைவேளையில் 1-1. கோச் எங்களைச் சுற்றி நிற்க வைத்து, மண்ணில் ஸ்டிக்கால் கோடு போட்டு, இரண்டாம் பாதியில் இடது பக்கமாக ஏறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் படியிறங்கி வந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் செம்மண் புழுதி. கோச்சைப் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்து, இனிமேல் பெனால்டி கார்னர் கிடைத்தால் என் அக்கா பையன் அடிக்கட்டும், அவனுக்குக் கை நல்ல வேகம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோச் வாயே திறக்கவில்லை. கையில் இருந்த ஸ்டிக்கைத் தரையில் ஊன்றி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

பெனால்டி கார்னர் என்பது ஒருவன் அடிக்கிற அடி என்று கேலரியில் இருந்து பார்த்தால் தோன்றும். அது மூன்று பேர் வேலை. கோலுக்குப் பக்கவாட்டில் பின்கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளிவிடுகிறான், வட்டத்தின் விளிம்பில் ஒருவன் அதை அசையாமல் நிறுத்துகிறான், மூன்றாமவன் அடிக்கிறான். நிறுத்துகிறவனின் ஸ்டிக் எங்கே படும் என்பது அடிக்கிறவனின் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஒன்றாகப் பழகியிருக்க வேண்டும். அன்றைக்குக் கிடைத்த கார்னரில் பையன் ஓடி வந்த நேரமும் பந்து நின்ற நேரமும் ஒத்துவரவில்லை. பந்து அவன் ஸ்டிக்கின் முனையில் பட்டு எகிறி எதிரணியின் காலடிக்குப் போனது. நாங்கள் எல்லாரும் மேலே ஏறி நிற்கிறோம், பின்னால் கோல் கீப்பர் ஒருத்தன்தான். 1-2. தோற்றதுகூடப் பெரிதில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை, உண்மையிலேயே நன்றாக ஆடக்கூடியவன். கோச் அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது பெரிய இடத்துக்கு வருவோம். தேசிய அணிக்கு முதலாளி என்று யாரும் இல்லை, ஆனால் ஹாக்கி இந்தியா என்கிற சம்மேளனம் முதலாளி மாதிரி நடந்துகொண்ட காலத்தை இந்திய ஹாக்கி ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். 2015 ஜூலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம், ஹாக்கி வேர்ல்டு லீக் அரையிறுதிச் சுற்று. காலிறுதியில் மலேசியாவை 3-2 என்று ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் அப்போதைய ஹாக்கி இந்தியா தலைவர் நரிந்தர் பத்ரா மைதானத்துக்குள் வந்து வீரர்களிடம் பேச, பயிற்சியாளராக இருந்த ஹாலந்துக்காரர் பால் வான் ஆஸ் அவரை வெளியே போகச் சொன்னார். அந்த மாதமே வான் ஆஸ் கதை முடிந்தது. பயணத்தைப் பற்றி அறிக்கை தரவில்லை, ஷிலாரு பயிற்சி முகாமுக்கு வரவில்லை என்று ஹாக்கி இந்தியா சொன்னது, என்னை நீக்கிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். யார் சொன்னது சரி என்று அப்போதும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து பேசினார்கள். எனக்கு அதில் குழப்பமே இல்லை. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க நிற்கிற பையன்களிடம் என்ன சொல்ல வேண்டும், எதை இப்போது சொல்லக் கூடாது என்பது கோச்சின் வேலை, எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் வேறு யாருடைய வேலையும் இல்லை.

ஒருவர் மட்டும் போயிருந்தால் சரி என்று விட்டுவிடலாம். 2013இல் மைக்கேல் நோப்ஸ். 2014இல் டெர்ரி வால்ஷ், அதுவும் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் பதினாறு வருடத்துக்குப் பிறகு தங்கம் வாங்கிக் கொடுத்த இரண்டு மாதத்துக்குள். 2015இல் வான் ஆஸ். 2017இல் ரோலன்ட் ஆல்ட்மன்ஸ். பிறகு பெண்கள் அணியிலிருந்து ஷோர்ட் மரீனைக் கொண்டுவந்து, 2018 மே மாதம் அவரைத் திரும்பப் பெண்கள் அணிக்கே அனுப்பி, பெண்கள் அணிக் கோச் ஹரேந்திர சிங்கை இங்கே மாற்றினார்கள். உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றதும் 2019 ஜனவரியில் ஹரேந்திராவையும் ஜூனியர் அணிக்கு அனுப்பினார்கள். ஆறு வருடத்தில் ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள், சிலவற்றில் நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கோச்சும் ஒரு பாணியோடு வருகிறார், தடுப்பை எங்கே நிறுத்துவது, எப்போது அழுத்துவது, யாரை எந்த நிமிடம் மாற்றுவது என்று. ஹாக்கியில் வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், முன்கள ஆட்டக்காரர்கள் நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து போவார்கள், அந்தக் கணக்கு முழுக்க கோச்சின் தலையில் ஓடுகிறது. அந்தத் தலையை வருடா வருடம் மாற்றிக்கொண்டே இருந்தால் பையன்கள் யார் சொல்வதைக் கேட்பது?

இது 2013இல் தொடங்கிய வியாதியும் இல்லை. 1998இல் பாங்காக்கில் தன்ராஜ் பிள்ளை தலைமையில், கௌஷிக் பயிற்சியில், முப்பத்திரண்டு வருடம் கழித்து ஆசிய விளையாட்டுத் தங்கம் வந்தது. ஊருக்குத் திரும்பினால் கௌஷிக் பதவியில் இல்லை, தன்ராஜுக்கும் பல மூத்த வீரர்களுக்கும் அணியில் இடமில்லை. புனேயின் கிர்க்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த தன்ராஜை நம் ஆளாகவே நினைத்து ஆடிய எங்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் என்ன மாறியது? 2019 ஏப்ரலில் கிரஹாம் ரீட் கோச்சாக வந்தார். டோக்கியோ ஒலிம்பிக் வரை அவரை விட்டுவைத்தார்கள். நடுவில் பெல்ஜியத்திடம் அரையிறுதியில் 2-5 என்று தோற்றபோதும் யாரும் மைதானத்துக்குள் இறங்கவில்லை, இரண்டு நாள் கழித்து, 2021 ஆகஸ்ட் 5 காலையில், ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து நாற்பத்தோரு வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம். கடைசி நொடிகளில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர், கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார், எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது. 2018இலிருந்து அந்த அணிக்குப் பணம் கொடுத்தது ஒடிசா அரசு. அவர்கள் பணம் கொடுத்தார்கள், மைதானம் கட்டினார்கள், யாரை ஆட வைப்பது என்று சொன்னதாக நான் ஒரு தடவைகூடக் கேள்விப்பட்டதில்லை. அதே ரீட் 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்றுக் காலிறுதிக்கே போக முடியாதபோது, போட்டி முடிந்ததும் ராஜினாமா செய்தார். கணக்கு கேட்கவும் கணக்கு சொல்லவும் அதுதான் நேரம், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

எதிர்க்கட்சி இன்னொன்றும் சொல்கிறது, கோச்சும் மனிதன்தானே, அவருக்கும் வேண்டியவர் வேண்டாதவர் இருக்க மாட்டார்களா என்று. இருக்கலாம், இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதைக் கவனிக்க அணிக்கு ஒரு மேனேஜரோ விளையாட்டு இயக்குநரோ இருக்கட்டும், ஹாக்கி ஆடிய ஒருவராக இருக்கட்டும், முதலாளி அவரிடம் பேசட்டும், அவர் கோச்சிடம் பேசட்டும். வீரனுக்கு வருகிற வார்த்தை மட்டும் ஒரே வாயிலிருந்து வர வேண்டும்.

லீக்கை நடத்துகிறவர்கள் இதை எழுத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, முடிந்து வீரர்கள் பஸ் ஏறும்வரை, அணி உரிமையாளருக்கும் அவர் வீட்டு ஆட்களுக்கும் பெஞ்சுக்கும் உடை மாற்றும் அறைக்கும் அனுமதி இல்லை என்று ஒரு விதி, மீறினால் அணிக்கு அபராதம். டிராகன்ஸ் அணியில் ஆட வேண்டும் என்று இன்றைக்கும் கிருஷ்ணா நகர் மைதானத்தில் காலை ஐந்தரைக்கே பையன்கள் டர்ஃபில் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருத்தனுக்கு நாளைக்கு முதல் பெனால்டி கார்னர் கிடைக்கும்போது, அவன் கேலரியைத் திரும்பிப் பார்க்காமல் பந்தை மட்டும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய ரைட் ஹாஃப் ஒருவர்,
கோவில்பட்டி.