கோழியைக் குறை சொல்லாதீர்கள், முதல் வாரம் அடைத்து வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பது பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். பத்துக் கோழி வாங்கினால் எத்தனை முட்டை, முட்டை என்ன விலை, சேவலைத் தீபாவளிக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்கெல்லாம் ஜோராக இருந்தது. படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கோழி வாங்கக் கிளம்பிவிட்டார்கள். சரி, வாங்கி வந்த கோழி சாயங்காலம் வீடு திரும்ப வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் முதல் இரண்டே நாளில் நான்கு கோழியைத் தொலைத்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

திருமங்கலத்துக்கு வெளியே நாங்கள் வீடு கட்டிக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. பின்னால் நாலு சென்ட் காலி இடம், இரண்டு வேம்பு, மதிலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு முருங்கை. சந்தையில் சிறுவிடை ரகத்தில் வெடைக்கோழி, அதாவது இளம் பெட்டைக்கோழி, ஆறும் சேவல் ஒன்றும் வாங்கினோம். தச்சர் அடித்துக் கொடுத்த கூடு தயாராக இருந்தது, பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. ராத்திரி அதில் அடைத்துவிட்டு, விடிந்ததும் பாவம் கொஞ்சம் மேயட்டுமே என்று திறந்துவிட்டேன். அன்று பொழுது சாயும்போது இரண்டு வெடை முருங்கை மரத்தில், சேவல் மதில்மேல், ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு. மற்ற மூன்றையும் காணவே இல்லை. பா பா பா என்று கூப்பிட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போனதுதான் மிச்சம், என் குரலே அதுக்குத் தெரியாது, எப்படி வரும்? மறுநாள் காலையில் முருங்கைக்கடியில் இறகு குவிந்து கிடந்தது. மரநாய் வேலை.

அப்பத்தா வீட்டில் நான் பார்த்ததெல்லாம் வேறு. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோழிகள் தாமாக வரும், கூட்டுக்குள் ஒவ்வொன்றாக நுழையும், அப்பத்தா எண்ணிப் பார்த்துப் பலகையைச் சாத்தும். கோழி என்றால் அப்படித்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோழிகள் எல்லாம் அங்கேயே பொரித்து, பஞ்சாரக் கூடைக்குள் வளர்ந்து, தாய்க்கோழி பின்னாலேயே போய்ப் பழகியவை என்பது எனக்கு உறைக்கவில்லை. இருட்டினால் உயரமாக ஒரு இடம் பார்த்து அடையவேண்டும் என்பது கோழியின் பிறவிக்குணம், அந்த இடம் நாம் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்த கூடுதான் என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மா ஆடு கோழியோடு வாழ்ந்தவர், அவர்தான் போட்டு உடைத்தார். "ஏத்தா, இவ்வளவு படிச்சிருக்க, புதுக்கோழிய ஒரு வாரம் அடைச்சுப் போடணும்னு தெரியாதா?"

அடுத்த தடவை வாங்கிய ஐந்தையும் ஏழு நாள் கூட்டைவிட்டு வெளியே விடவில்லை. தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேயே. ஒவ்வொரு வேளையும் பழைய பால்பவுடர் டப்பாவில் கம்புத் தானியத்தைப் போட்டுக் குலுக்கி, பா பா பா சொல்லிவிட்டுத்தான் போடுவேன். முதல் இரண்டு நாள் மூலையில் ஒண்டிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறின, மூன்றாம் நாள் கொத்திக்கொண்டு யார் பெரியவள் என்று முடிவு செய்தன, ஐந்தாம் நாள் டப்பா சத்தம் கேட்டாலே கம்பி வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. எட்டாம் நாள் திறந்தேன். ஆனால் காலையில் இல்லை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மதியத் தீனியைக் குறைத்துவிட்டு. ஒரு மணி நேர வெளிச்சத்தில் எவ்வளவு தூரம்தான் போய்விடும்? பசியும் இருக்கும். மங்க ஆரம்பித்ததும் கூட்டுக்குள் தீனியைக் கொட்டி டப்பாவைக் குலுக்கினேன், நாலு கோழி ஓடிவந்து ஏறிவிட்டன.

ஐந்தாவதைச் சொல்லவேண்டும். கரிச்சாம்பல் நிறத்தில் கழுத்தில் இறகில்லாத ஒரு வெடை. உள்ளே மற்ற நாலும் தின்பது வலை வழியாகத் தெரிகிறது, கதவு அந்தப்பக்கம் இருக்கிறது என்பது மட்டும் புரியவில்லை. கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து வலையில் மூக்கை விட்டுக் கொத்துகிறது, கேவுகிறது. ஒருவழியாகக் கதவுப்பக்கம் வந்ததும் உள்ளே இருட்டாக இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டது. கோழிக்கு மங்கலில் கண் தெரியாது, இருண்ட பொந்துக்குள் போகப் பயப்படும். ஒரு டார்ச்சைக் கூட்டுக்குள் தொங்கவிட்டேன். கழுத்தை நீட்டுகிறது, இழுத்துக்கொள்கிறது, ஒரு காலைத் தூக்கி அப்படியே நிற்கிறது. அந்த ஒரு அடி எடுத்து வைக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், எனக்குக் கால் முழுக்கக் கொசுக்கடி. மறுநாள் இரண்டு நிமிஷத்தில் ஏறியது. அதன்பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் திறந்து, இரண்டு வாரத்தில் காலையிலேயே திறந்துவிட ஆரம்பித்தேன்.

ஏற்கனவே மரத்தில் அடையப் பழகிவிட்ட கோழி இருந்தால் பகலில் துரத்தாதீர்கள், கல்லெறியவும் வேண்டாம். நன்றாக இருட்டியபிறகு போனால் பூனைக்குட்டி மாதிரி கையில் வரும். இரண்டு ரெக்கையையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் அடைகிற கம்பின்மேல் வைக்கவேண்டும், தரையில் போட்டுவிட்டு வரக்கூடாது. நாலைந்து ராத்திரி விடாமல் செய்யவேண்டும், நடுவில் ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. மரம் உயரம் என்றால் ஒரு பக்க ரெக்கையில் மட்டும் வெளிக்கோடி நீள இறகுகளைக் கத்தரித்துவிடலாம், ஒரு பக்கம் குறைந்தால் எம்ப முடியாது. அடியில் இரத்தம் ஓடும் குருத்து இறகாக இருந்தால் வெட்டக்கூடாது.

கூட்டிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். அடைகிற கம்பு முட்டையிடும் கூடையைவிட உயரத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கூடையிலேயே படுத்து எச்சம் போட்டு முட்டையை நாறடிக்கும். வழவழவென்ற பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், கால் பிடிக்காது. சவுக்குக் கம்பு போதும், கோழிக்கு ஒரு சாண் இடம். நாலு கோழிக்கு ஒரு முட்டைக்கூடை தாராளம். தரையிலிருந்து இரண்டடி தூக்கிக் கட்டினால் மழைக்கும் பெருச்சாளிக்கும் நல்லது. மெல்லிய கோழிவலையை நாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும், பற்றவைத்த கம்பிவலைதான் தாங்கும், அதிலும் அரை அங்குலக் கண்ணுக்குமேல் போனால் பாம்பு வரும்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாசக்கணக்கில் ஒழுங்காக அடைந்த கோழி திடீரென்று ஒருநாள் உள்ளே போக மறுத்தால் அது திமிர் இல்லை. ஒன்று பாம்போ கீரியோ வந்துபோயிருக்கும், இல்லையென்றால் உண்ணி. பகலில் கட்டை இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரி இறங்கி இரத்தம் குடிக்கும் சாதி அது, பகலில் தேடினால் ஒன்றும் தெரியாது. எங்கள் கூட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது கம்பு முனையில் மிளகு கொட்டினதுபோல இருந்தது, எனக்கு உடம்பெல்லாம் ஊறியது. கம்பை எடுத்துக் கொதிதண்ணீர் ஊற்றி வெயிலில் காயப்போட்டு, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தபிறகு தாமாகவே போய் அடைந்தன. பகலில் புரள்வதற்கு ஒரு மூலையில் மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து போட்டுவையுங்கள், பாதிப் பேன் தொல்லையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தினப்படி வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, காலையில் கூடு திறக்கிற ஐந்து நிமிஷம்தான் முக்கியம். எது கடைசியாக இறங்குகிறது, எது கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம் எச்சம். கறுப்புக்கு மேல் வெள்ளைத் தொப்பி போட்டதுபோல இருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எட்டுப் பத்துக்கு ஒன்று காப்பிப்பொடி நிறத்தில் பிசுபிசுவென்று நாற்றத்தோடு இருக்கும், அதுவும் இயல்புதான், புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போய், ரெக்கை தொங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால்தான் ஓடவேண்டும், அது வெள்ளைக் கழிச்சல் என்கிற தொற்றுநோயாக இருக்கலாம். சந்தேகமான கோழியைக் கையில் பிடித்து மார்புக்கு மேலே தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், ராத்திரி நிறைந்திருந்து காலையில் காலியாக இருக்கவேண்டும், காலையிலும் கல்லுப்போல இருந்தால் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி ஒன்றுதான். உத்தராகண்டில் ராணிக்கேத் என்ற மலையூரில் 1920களில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்று பெயர், நம் ஊர்க் கோடைக்கும் அதற்கும் அப்படி ஒரு சொந்தம், வந்தால் கூடே காலி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரவாக்கில் இன்னொரு தடவை, எட்டு வாரத்தில் ரெக்கைக்கடியில் ஊசி. ஒரு குப்பி என்பது பெரும்பாலும் 100 கோழிக்கோ அதற்கு மேலோ போடுகிற அளவு, கலக்கிவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாகவேண்டும், ஐந்து கோழிக்காக யார் வாங்குவார்கள்? நாங்கள் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் கூடையோடு கால்நடை மருந்தகத்துக்குப் போகிறோம். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இதற்கென்றே முகாம் நடத்தும், அதை விட்டுவிடாதீர்கள். சந்தையில் வாங்கின கோழியை நேரே பழைய கோழியோடு விடுவதும் சீக்கை விலைகொடுத்து வாங்குவதுதான், மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்துவிட்டு, ராத்திரியில் கொண்டுபோய்ப் பழையவற்றின் பக்கத்தில் வைத்தால் சண்டையும் குறையும்.

தீனியில் பெரிய ரகசியம் இல்லை. நாளைக்கு ஒரு கோழிக்கு 100 கிராம் போதும், மேய்ச்சல் இருந்தால் அதிலும் குறையும். கம்பு, சோளம், நொய், தவிடு, முருங்கைக்கீரை எது இருக்கிறதோ அது. பூஞ்சணம் பிடித்த சோளத்தைக் கோழிதானே என்று போடாதீர்கள், அதில் உள்ள நச்சு ஈரலைக் கெடுத்துவிடும். முட்டை ஓடு மெலிந்தால் கிளிஞ்சலைப் பொடித்து ஒரு சட்டியில் வையுங்கள். தின்ற முட்டை ஓட்டையே போடலாம், நன்றாக நொறுக்கிப் போடுங்கள், முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும். குஞ்சு இருந்தால் கரையானுக்கு மிஞ்சின தீனி இல்லை, ஒரு பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் போட்டுத் தண்ணீர் தெளித்து சாயங்காலம் மண்ணில் கவிழ்த்து வைத்தால் விடியலில் மொய்த்துக் கிடக்கும். தண்ணீர்தான் சித்திரை வெயிலில் உயிர்ப் பிரச்சினை. கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்துகொண்டு ரெக்கையை அகட்டி நிற்கும், நிழலில் இரண்டு மண்சட்டி வைத்து மத்தியானம் ஒருதரம் மாற்றுங்கள்.

முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடைகாக்கவே உட்கார்ந்துவிட்ட கோழியின் அடையை முறிப்பதற்கு அதன் மூக்கில் இறகைக் குத்திவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அடியில் வைக்கோல் எதுவும் இல்லாமல், காற்று ஓடுகிற கம்பிக் கூண்டில் மூன்று நாலு நாள் தீனி தண்ணீரோடு வைத்தால் அடை தானே முறிந்துவிடும்.

இன்னொன்று, தெருவில் பச்சை, ரோஸ் நிறத்தில் விற்கிற கலர் குஞ்சை வாங்கி வந்து பிள்ளைக்குக் கோழி வளர்ப்புப் பழக்காதீர்கள். முட்டைக்கோழி பொரிப்பகங்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் அவை. பொரித்த முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டிய குஞ்சை அட்டைப்பெட்டியில் போட்டு வெறும் தரையில் வைத்தால் இரண்டு நாளில் செத்துப்போகும், பிள்ளை அழும்.

நீங்கள் அடுத்த முறை கோழிவளர்ப்புக் கட்டுரை போடும்போது லாபக் கணக்குப் பெட்டியைக் கொஞ்சம் சுருக்கி அந்த இடத்தில் ஏழு நாள் அடைப்பு, எட்டாம் நாள் சாயங்காலம் திறப்பு என்பதை மட்டுமாவது தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள். தெருவில் புதிதாக வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுக் கூட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். இன்னொருவர் மறுநாளே திறந்துவிட்டார், அவருடைய சேவல் இதை எழுதும்போது எங்கள் வேம்பில் உட்கார்ந்திருக்கிறது, இருட்டட்டும் என்று டார்ச்சோடு காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.